ஆடுகளத்தில் ஒரு துலாக்கோல்

நுழையும்முன்

விளையாட்டில் வென்றவரின் பெயர் நாளிதழில் வருகிறது. தோற்றவரின் பெயரும் உடன் வருகிறது. அவ்வெற்றியும் தோல்வியும் நேர்மையாக அமைந்தன என்பதற்குப் பொறுப்பேற்று உயர்ந்த இருக்கையில் அமர்ந்திருந்தவரின் பெயர் பெரும்பாலும் வருவதில்லை. அவரே நடுவர். இறகுப்பந்து ஆட்டத்தில் நடுவரின் கடமைகள் யாவை, அவருடைய ஒரு சொல்லில் அடங்கியுள்ள பொறுப்பு எத்தகையது, தேசிய அளவில் தகுதி பெற்ற நடுவராக உயர்வதற்கான வழி யாது என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

மலையூரும் விதிநூலும்

தருமபுரி மாவட்டத்தில் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக அமைந்துள்ளது வத்தல்மலை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 மீட்டர் உயரத்தில் காப்பியும் மிளகும் விளையும் இம்மலையில் மலையாளி என்னும் பழங்குடி மக்கள் சிற்றூர்களில் வாழ்கின்றனர். நெடுங்காலம் வாகனச் சாலை இன்றி இம்மக்கள் நடந்தே சமவெளிக்கு இறங்கி வந்தனர். இன்று இருபதுக்கும் மேற்பட்ட கொண்டையூசி வளைவுகளைக் கடந்து சாலை மேலேறுகிறது.

இத்தகைய மலையூரில் வாழும் மாணவர் ஒருவர் இறகுப்பந்து ஆட விரும்பினால், அவருக்கு முதல் தடையாக நிற்பது காற்று. இறகுப்பந்தின் எடை 4.74 கிராம் முதல் 5.50 கிராம் வரை மட்டுமே. மலைக்காற்றின் சிறு வீச்சும் அதனைத் திசை திருப்பிவிடும். முறையாகப் பயில உள்ளரங்கம் வேண்டும். ஒரே ஆட்டத்தில் சிதைந்துவிடும் இறகுப்பந்துகள் பல வேண்டும். நாள்தோறும் பயிற்றுவிக்கும் பயிற்சியாளரும் வேண்டும். இவை அனைத்தும் மலையேறி வருவது எளிதன்று.

ஆயினும் இவ்விளையாட்டுக்குள் நுழைவதற்கு இன்னொரு வாயிலும் உண்டு. அது விதிநூல். உலக இறகுப்பந்துக் கூட்டமைப்பு வகுத்துள்ள ஆட்ட விதிகள் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அவற்றைக் கற்க உயரமான உடலோ விலையுயர்ந்த மட்டையோ தேவையில்லை. கூர்ந்த பார்வையும், பிறழாத நினைவாற்றலும், எவர் பக்கமும் சாயாத உள்ளமுமே தேவை. இம்மூன்றும் உடையவர்க்குத் திறந்திருக்கும் வாயிலே நடுவர் பணி.

விதி பிறந்த கதை

மட்டையால் இறகுப்பந்தை அடித்து ஆடும் பழக்கம் பல நாடுகளில் தொன்றுதொட்டே இருந்தது. அதற்கு வலையும் வரம்பும் விதியும் அமைந்த வரலாற்றில் இந்தியாவுக்குச் சிறப்பிடம் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் புனே நகரில் தங்கியிருந்த ஆங்கிலேயப் படை அலுவலர்கள் இவ்வாட்டத்தை ஆடினர். அங்கு உருவான விதிகள் இங்கிலாந்து சென்று திருத்தம் பெற்றன. அந்நாட்டின் கிளாஸ்டர்ஷயர் பகுதியில் உள்ள பேட்மிண்டன் மாளிகையின் பெயரே ஆட்டத்தின் பெயராகவும் நிலைத்தது.

1899ஆம் ஆண்டில் அனைத்து இங்கிலாந்துப் போட்டி தொடங்கியது. 1934ஆம் ஆண்டில் ஒன்பது நாட்டுச் சங்கங்கள் இணைந்து பன்னாட்டுக் கூட்டமைப்பை நிறுவின. அதே ஆண்டில் இந்திய இறகுப்பந்துச் சங்கமும் தோன்றியது. 1992ஆம் ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக்கில் இறகுப்பந்து பதக்கப் போட்டியாக இடம்பெற்றது. நாடுகள் பெருகப் பெருக, எங்கு ஆடினாலும் ஒரே விதி, ஒரே அளவு, ஒரே தீர்ப்பு என்னும் தேவையும் பெருகியது. அத்தேவையே பயிற்சியும் தேர்வும் சான்றும் பெற்ற நடுவர்களை உருவாக்கியது.

தெரிந்து தெளிவோம்

காற்று மிகுந்த வெளியில் இறகுப்பந்துக்கு மாற்றாகக் கம்பளி நூற்பந்தைக் கொண்டு ஆடும் வழக்கமும் 19ஆம் நூற்றாண்டில் இருந்தது. பூப்பந்து என்று தமிழகத்தில் வழங்கும் ஆட்டம் நூற்பந்தைக் கொண்டு திறந்தவெளியில் ஆடப்படுவது. அது தஞ்சை அரச குடும்பத்தாரால் வளர்க்கப்பட்டது என்பர். பூப்பந்தும் இறகுப்பந்தும் வெவ்வேறு விதிகளை உடைய தனித்தனி ஆட்டங்கள் ஆகும்.

களத்தில் நால்வகைப் பொறுப்பு

நடுவர் என்னும் ஒரு சொல்லால் பொதுவாகக் குறிக்கப்பட்டாலும், இறகுப்பந்துப் போட்டியில் நால்வகை அலுவலர்கள் உள்ளனர்.

முதலாமவர் போட்டித் தலைமை அலுவலர். இவரை ரெஃப்ரி என அழைப்பர். ஒரு தொடரில் நிகழும் எல்லா ஆட்டங்களுக்கும் இவரே தலைமைப் பொறுப்பாளர்.

இரண்டாமவர் நடுவர். அம்பயர் என வழங்கப்படும் இவர், தமக்கு ஒதுக்கப்பட்ட ஓர் ஆட்டத்துக்கும் அந்த ஆடுகளத்துக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் பொறுப்பானவர். வலைக்கம்பத்தின் அருகே உயர்ந்த இருக்கையில் அமர்ந்து ஆட்டத்தை நடத்துபவர் இவரே.

மூன்றாமவர் சர்வீஸ் நடுவர். ஒவ்வொரு புள்ளிக்கான ஆட்டத்தையும் தொடங்கிவைக்கும் சர்வீஸ் அடி விதிப்படி அமைந்ததா என்பதை மட்டுமே இவர் கண்காணிக்கிறார்.

நான்காமவர் கோட்டு நடுவர். தமக்குரிய கோட்டின் அருகில் பந்து உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்பதை இவர் அறிவிக்கிறார். வெளியே விழுந்தால் இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து உரக்கக் கூறுவார். உள்ளே விழுந்தால் ஒன்றும் பேசாமல் வலக்கையால் கோட்டைச் சுட்டுவார். பந்து விழுந்த இடம் தமக்குத் தெரியாதபோது இரு கைகளாலும் கண்களை மூடிக் காட்டுவார்.

இம்மூன்றாவது சைகை சிந்தனைக்குரியது. காணாததைக் கண்டதாகக் கூறாமல், ‘நான் காணவில்லை’ என்று அரங்கம் அறிய ஒப்புக்கொள்வதற்கு விதியே ஒரு வழி வகுத்துள்ளது. அவ்வாறு அவர் அறிவித்தால் நடுவர் முடிவு கூறுவார். நடுவராலும் முடிவு கூற இயலாவிடில் ‘லெட்’ என அறிவிக்கப்பட்டு அப்புள்ளிக்கான ஆட்டம் மீண்டும் ஆடப்படும். ஊகத்தின் அடிப்படையில் ஒருவருக்குப் புள்ளி வழங்குவதைவிட, மீண்டும் ஆடச் செய்வதே நேர்மை என்பது இவ்விதியின் உட்பொருள்.

நாணயம் முதல் கையொப்பம் வரை

ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே நடுவரின் பணி தொடங்கிவிடுகிறது. ஆடுகளத்தின் நீளம் 13.40 மீட்டர். அகலம் இரட்டையர் ஆட்டத்துக்கு 6.10 மீட்டர்; ஒற்றையர் ஆட்டத்துக்கு 5.18 மீட்டர். வலையின் உயரம் கம்பங்களின் அருகே 1.55 மீட்டராகவும் நடுவில் 1.524 மீட்டராகவும் இருத்தல் வேண்டும். வலையின் நடுப்பகுதி இரண்டு விரலளவு தாழ்ந்திருந்தாலும் ஆட்டத்தின் போக்கு மாறிவிடும். ஆதலால் நடுவர் முதலில் வலையைச் சரிபார்க்கிறார்.

பின்னர் நாணயச் சுழற்சி. அதில் வென்றவர், முதலில் சர்வீஸ் செய்வதா, எதிர்கொள்வதா, எந்தப் பக்கத்தில் ஆடுவது என்பவற்றுள் ஒன்றைத் தேர்வு செய்கிறார். நடுவர் தம் வலப்புறமும் இடப்புறமும் நிற்கும் ஆட்டக்காரர்களை அறிமுகம் செய்து, ‘லவ் ஆல், பிளே’ என்று கூறியதும் ஆட்டம் தொடங்குகிறது. இங்கு ‘லவ்’ என்பது சுழியத்தைக் குறிக்கும்.

2006ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த முறைப்படி ஓர் ஆட்டச்சுற்று 21 புள்ளிகளைக் கொண்டது. மூன்று சுற்றுகளில் இரண்டை வெல்பவர் வெற்றி பெறுகிறார். இருவரும் 20 புள்ளிகளில் சமநிலை அடைந்தால், இரண்டு புள்ளிகள் முன்னிலை பெறும் வரை ஆட்டம் தொடரும். அவ்வாறு தொடர்ந்து 29 புள்ளிகளில் சமநிலை ஏற்பட்டால், 30ஆம் புள்ளியை எடுப்பவர் அச்சுற்றை வெல்வார். முன்னணியில் இருப்பவர் 11 புள்ளிகளை எட்டும்போது 60 நொடிகளும், சுற்றுகளுக்கு இடையே 120 நொடிகளும் இடைவேளை வழங்கப்படும்.

ஒவ்வொரு புள்ளி முடிந்ததும் சர்வீஸ் செய்பவரின் புள்ளியை முதலிலும் எதிரில் இருப்பவரின் புள்ளியை அடுத்தும் நடுவர் அறிவிப்பார். ஒற்றையர் ஆட்டத்தில் சர்வீஸ் செய்பவரின் புள்ளி இரட்டை எண்ணாயின் வலப்புறக் கட்டத்திலிருந்தும், ஒற்றை எண்ணாயின் இடப்புறக் கட்டத்திலிருந்தும் ஆட வேண்டும். இரட்டையர் ஆட்டத்தில் நால்வரின் இடங்களையும் அவர்களுள் சர்வீஸ் செய்ய வேண்டியவரையும் நடுவர் இடைவிடாது நினைவில் கொள்ள வேண்டும். இடம் மாறி ஆடியது கண்டறியப்பட்டால் அத்தவறு திருத்தப்படும். அதுவரை பெற்ற புள்ளிகள் மாறுவதில்லை.

இவற்றுக்கிடையே அவர் வேறு பலவற்றையும் காண வேண்டும். மட்டையோ உடலோ உடையோ வலையைத் தீண்டியதா? பந்து எதிரணியின் பக்கத்தில் இருக்கும்போதே வலைக்கு மேல் கை நீட்டி அடிக்கப்பட்டதா? பந்து ஆட்டக்காரரின் ஆடையை உரசியதா? ஒருவர் வேண்டுமென்றே காலம் தாழ்த்துகிறாரா? முறையற்ற நடத்தைக்கு மஞ்சள் அட்டை எச்சரிக்கையாகும். அதன் பின்னும் தொடர்ந்தால் சிவப்பு அட்டை காட்டப்பட்டு எதிரணிக்குப் புள்ளி செல்லும். கறுப்பு அட்டை போட்டியிலிருந்தே நீக்குவதைக் குறிக்கும். அம்முடிவை எடுக்கும் அதிகாரம் போட்டித் தலைமை அலுவலருக்கே உரியது.

ஆட்டம் முடிந்ததும் வெற்றி பெற்றவரையும் புள்ளிகளையும் அறிவித்து, புள்ளித்தாளை நிறைவு செய்து கையொப்பமிட்டுத் தலைமை அலுவலரிடம் ஒப்படைக்கும்போதே அவருடைய பணி முடிகிறது.

நிகழ்வும் விதியும்

நடுவராக விரும்புவோர் முதலில் தெளிய வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. களத்தில் எழும் ஐயங்கள் இரு வகைப்படும். ஒன்று நிகழ்வு பற்றியது; மற்றொன்று விதி பற்றியது.

பந்து கோட்டின் மேல் விழுந்ததா என்பது நிகழ்வு பற்றிய வினா. அதற்குப் பொறுப்பான அலுவலர் கூறுவதே இறுதி முடிவு. கோட்டு நடுவர் தெளிவாகத் தவறிவிட்டார் என்பதில் ஐயத்துக்கு இடமே இல்லை என்று நடுவர் கருதினால் மட்டும் அம்முடிவை அவர் மாற்றலாம். கூச்சலிடும் கூட்டத்துக்காகவோ முகம் சுளிக்கும் ஆட்டக்காரருக்காகவோ அதனை மாற்றுதல் கூடாது.

கோட்டின் மேல் விழுந்த பந்து உள்ளே விழுந்ததாகக் கருதப்படுமா என்பது விதி பற்றிய வினா. கோடும் களத்தின் பகுதியே என்பது விதி. இத்தகைய வினாவில் நடுவரின் விளக்கம் ஆட்டக்காரருக்கு நிறைவளிக்கவில்லை எனில், அடுத்த சர்வீஸ் தொடங்குவதற்கு முன்பு அவர் போட்டித் தலைமை அலுவலரிடம் முறையிடச் செய்யலாம். கண் கண்டதற்குக் கண்டவரே பொறுப்பு. விதியின் பொருளுக்கோ மேலும் ஓர் ஆய்வுக்கு இடமுண்டு. நீதிமன்ற நடைமுறையை அறிந்தோர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று.

காற்றை அளக்கும் கலை

இறகுப்பந்தின் பறக்கும் வேகம் காற்றைப் பொறுத்தது. இயற்கை இறகுப்பந்தில் 16 இறகுகள் உள்ளன. விரிந்த இறகுகள் காற்றைத் தடுப்பதால், அடித்த கணத்தில் பெருவேகம் கொள்ளும் பந்து விரைவிலேயே வேகம் குறைகிறது. இந்திய வீரர் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி 2023ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஜப்பானில் நடத்தப்பட்ட சோதனையில் மணிக்கு 565 கிலோமீட்டர் வேகத்தில் பந்தை அடித்துக் கின்னஸ் சாதனை படைத்தார். மட்டையை விட்டு நீங்கும் கணத்துக்குரிய வேகம் அது.

காற்றின் அடர்த்தி குறைந்தால் தடையும் குறையும். பந்து நெடுந்தொலைவு செல்லும். வளிமண்டலத்தின் பொதுக் கணக்கின்படி, 1000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதைவிட ஏறத்தாழ 9 விழுக்காடு குறைவு. ஆகவே சென்னையில் சரியான தொலைவில் விழும் பந்து, வத்தல்மலையின் உயரத்தில் அமைந்த உள்ளரங்கம் ஒன்றில் களத்தைக் கடந்து விழக்கூடும். இதனாலேயே பந்துகள் 75, 76, 77, 78 என வேக எண்களுடன் விற்கப்படுகின்றன. எண் உயர்ந்தால் வேகமும் மிகும். உயர்ந்த மலையிடங்களுக்கும் வெப்பம் மிகுந்த இடங்களுக்கும் குறைந்த எண்ணுடைய பந்து ஏற்றது.

பந்தைச் சோதிக்கவும் விதி உண்டு. களத்தின் பின்கோட்டின் மேலிருந்து, பக்கக் கோடுகளுக்கு இணையாக, கீழிருந்து மேல்நோக்கி முழு வலிமையுடன் பந்தை அடிக்க வேண்டும். எதிர்ப்புறப் பின்கோட்டுக்கு 530 மில்லிமீட்டர் முதல் 990 மில்லிமீட்டர் வரை முன்னதாக அது விழுந்தால் சரியான வேகமுடையது. விதிநூலைக் கற்பவர் இயற்பியலையும் உடன் கற்கிறார் என்பதற்கு இஃது ஒரு சான்று.

ஒரு சொல்லின் எடை

நடுவரின் முடிவு எவ்வளவு தொலைவு செல்லக்கூடும் என்பதை அண்மைக்கால நிகழ்வுகள் இரண்டு உணர்த்துகின்றன.

2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலாவில் ஆசிய இறகுப்பந்துப் போட்டி நடைபெற்றது. மகளிர் ஒற்றையர் அரையிறுதியில் இந்தியாவின் பி.வி. சிந்துவும் ஜப்பானின் அகானே யமகுச்சியும் மோதினர். முதல் சுற்றை 21-13 என வென்ற சிந்து, இரண்டாம் சுற்றிலும் 14-11 என முன்னிலையில் இருந்தார். அப்போது சர்வீஸ் செய்வதில் காலம் தாழ்த்தினார் எனக் கூறி நடுவர் அவருக்கு எதிராக ஒரு புள்ளியை வழங்கினார். எதிரில் இருந்தவர் ஆயத்தமாகவில்லை என்று சிந்து விளக்கியும் முடிவு மாறவில்லை. அடுத்த இரு சுற்றுகளையும் 19-21, 16-21 என அவர் இழந்தார். சில மாதங்களுக்குப் பின், அது மனிதத் தவறு என ஒப்புக்கொண்டு ஆசியக் கூட்டமைப்பின் தொழில்நுட்பக் குழுத் தலைவர் வருத்தம் தெரிவித்தார். ஆயினும் ஆட்டத்தின் முடிவு மாறவில்லை. ஒரே புள்ளிதான். எனினும் ஆட்டக்காரரின் மன ஒருமையைக் குலைக்க அது போதுமானதாயிற்று.

இரண்டாம் நிகழ்வு 2012ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் நேர்ந்தது. மகளிர் இரட்டையர் பிரிவின் தொடக்க நிலை ஆட்டங்களில், அடுத்த கட்டத்தில் தமக்கு ஏற்ற எதிரணி அமைய வேண்டும் என்பதற்காக, தோற்பதையே நோக்கமாகக் கொண்டு சில இணைகள் ஆடின. பந்துகளை வேண்டுமென்றே வலையிலும் வெளியிலும் அடித்தன. காண வந்தோர் வெகுண்டு கூச்சலிட்டனர். தலைமை அலுவலர் களத்துக்கே வந்து எச்சரித்தார். மறுநாள் சீனா, தென்கொரியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளைச் சேர்ந்த நான்கு இணைகள், அதாவது எட்டு வீராங்கனைகள், ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டனர். பின்னர்ப் போட்டி அமைப்பு முறையும் மாற்றப்பட்டது.

நீக்கப்பட்டோருள் ஒருவரான இந்தோனேசியாவின் கிரேசியா பொலி, டோக்கியோ ஒலிம்பிக்கில் அப்ரியானி ரஹாயுவுடன் இணைந்து தங்கப் பதக்கம் வென்றார். தண்டனை ஒருவரின் விளையாட்டு வாழ்வை முடித்துவிடவில்லை. அதனைத் திருத்தி அமைக்க இடம் தந்தது. முதல் நிகழ்வு, விதியைப் பொருந்தா இடத்தில் பயன்படுத்தினால் விளையும் தீங்கைக் காட்டுகிறது. இரண்டாவது, விதியைப் பயன்படுத்த வேண்டிய இடத்தில் தயங்காமையின் தேவையைக் காட்டுகிறது. இவ்விரண்டையும் பிரித்தறியும் தெளிவே நடுவரின் கல்வி.

கருவியும் கண்ணும்

கோட்டின் அருகே விழும் பந்தைப் பல ஒளிப்படக் கருவிகளால் பின்தொடர்ந்து மறுஆய்வு செய்யும் முறை இன்று பெரிய போட்டிகளில் உள்ளது. கோட்டு முடிவை ஏற்காத ஆட்டக்காரர் வரையறுக்கப்பட்ட எண்ணிக்கைக்குள் மறுஆய்வு கோரலாம். அவருடைய கூற்று சரியெனத் தெரிந்தால் அவ்வாய்ப்பு குறைவதில்லை.

சர்வீஸ் விதியிலும் மாற்றம் வந்தது. முன்பு பந்து இடுப்புக்குக் கீழே இருக்கையில் அடிக்கப்பட வேண்டும் என்பது விதி. ஒவ்வொருவரின் இடுப்பும் ஒவ்வோர் உயரத்தில் இருப்பதால் கருத்து வேறுபாடுகள் எழுந்தன. 2018ஆம் ஆண்டு முதல், தரையிலிருந்து 1.15 மீட்டர் உயரத்துக்குக் கீழே பந்து முழுவதும் இருக்க வேண்டும் என்னும் நிலையான அளவு வந்தது. கோடிட்ட ஒளிபுகும் தகடுகளின் வழியே சர்வீஸ் நடுவர் அவ்வுயரத்தைக் காண்கிறார். ஐயம் குறைந்தது. எனினும், உயரமானவர்கள் கையை மிகத் தாழ்த்த வேண்டியுள்ளதே என்னும் குறை எழுந்தது. அளவுகோல் ஒன்றாக இருப்பதா, ஆளுக்கேற்ப இருப்பதா என்னும் வினா விளையாட்டுக்கு மட்டும் உரியதன்று.

கருவிகள் பெருகினும் நடுவரின் தேவை குறையவில்லை. மாவட்ட அளவிலும் மாநில அளவிலும் நடைபெறும் பெரும்பாலான ஆட்டங்கள் மனிதக் கண்ணை நம்பியே நடக்கின்றன. மேலும், ஆட்டக்காரரின் நடத்தை, காலத்தாழ்வு, காயம், சினம் ஆகியவற்றை எடைபோடுவது கருவிக்கு இயலாத செயல்.

படிப்படியாய் உயர்தல்

நடுவர் பணியின் முதற்படி பள்ளியின் ஆடுகளத்திலேயே உள்ளது. உடற்கல்வி ஆசிரியரின் துணையுடன் வகுப்புகளுக்கிடையிலான ஆட்டங்களில் கோட்டு நடுவராகவும் புள்ளித்தாள் எழுதுபவராகவும் மாணவர் பழகலாம். முதலமைச்சர் கோப்பை போன்ற மாவட்டப் போட்டிகளில் இறகுப்பந்தும் இடம்பெறுகிறது. அங்குச் சென்று நடுவர்கள் செயற்படும் முறையைக் கூர்ந்து காண்பதும் ஒரு கல்வியே.

அடுத்த படி மாவட்ட இறகுப்பந்துக் கழகம். அதன் போட்டிகளில் பணியாற்றிப் பட்டறிவு பெற்றவர், மாநிலச் சங்கம் நடத்தும் நடுவர் பயிற்சியிலும் தேர்விலும் பங்கேற்கலாம். மாநிலப் போட்டிகளில் தொடர்ந்து பணியாற்றி நற்பெயர் பெற்றவர்க்குத் தேசியத் தேர்வு எழுதும் வாய்ப்பு அமைகிறது. இந்திய இறகுப்பந்துச் சங்கம் நடத்தும் இத்தேர்வில் விதிகள் பற்றிய எழுத்துத் தேர்வும், வாய்மொழித் தேர்வும், உண்மையான ஆட்டத்தை நடத்திக் காட்டும் செய்முறைத் தேர்வும் அடங்கும். வயது, பட்டறிவு போன்ற தகுதிகளைச் சங்கம் அவ்வப்போது அறிவிக்கும். தேசிய நடுவராகச் சிறந்து விளங்குவோர் ஆசியக் கூட்டமைப்பின் மதிப்பீட்டுக்கும், பின்னர் உலகக் கூட்டமைப்பின் மதிப்பீட்டுக்கும் உயரலாம்.

எழுத்துத் தேர்வில் விதியை மனப்பாடமாக ஒப்பித்தல் போதாது. ‘ஆட்டத்தின் நடுவே பந்தின் இறகுப்பகுதி தனியாகவும் அடிப்பகுதி தனியாகவும் பிரிந்துவிட்டால் முடிவு யாது?’ என்பன போன்ற சூழல் வினாக்கள் கேட்கப்படும். ‘லெட்’ என்பதே அதற்குரிய விடை. செய்முறைத் தேர்விலோ குரலின் தெளிவு, அறிவிப்பின் ஒழுங்கு, சரியான நேரத்தில் முடிவுரைத்தல், பதற்றமின்மை ஆகியவை மதிப்பிடப்படும்.

அறிவிப்புகள் ஆங்கிலத்தில் அமைவதால் தமிழ்வழியில் பயின்ற மாணவர் தயங்குவதுண்டு. அத்தயக்கம் தேவையற்றது. ஆட்டத்தில் வழங்கும் அறிவிப்புகள் வரையறுக்கப்பட்டவை. ஓசையுடன் நாள்தோறும் சொல்லிப் பழகினால் சில வாரங்களில் கைவரப் பெறும். விதிகளின் பொருளைத் தாய்மொழியில் ஆழ்ந்து உணர்ந்தவருக்கு அவற்றை இன்னொரு மொழியில் அறிவிப்பது அரிதன்று. எனினும் பன்னாட்டு அளவில் ஆட்டக்காரருடன் உரையாட வேண்டியிருப்பதால், ஆங்கிலப் பேச்சுத்திறனையும் பள்ளிப் பருவத்திலேயே வளர்த்துக்கொள்ளுதல் நலம்.

நடுவர் பணி பெரும்பாலோர்க்கு முழுநேரத் தொழில் அன்று. ஆசிரியராகவோ அலுவலராகவோ வேறு பணி செய்துகொண்டே விடுப்பு நாள்களில் இதனை மேற்கொள்வோரே மிகுதி. நாள் முழுதும் அமர்ந்து பல ஆட்டங்களை நடத்த வேண்டும். நடுநிசி வரை ஆட்டம் நீளலாம். வாழ்வுக்குரிய தொழிலைத் தேடிக்கொண்டு, அதனுடன் இப்பணியையும் வளர்த்துக்கொள்வதே நடைமுறைக்கு உகந்தது.

தெரியுமா?

2024ஆம் ஆண்டு பாரிஸ் பாராலிம்பிக் இறகுப்பந்துப் போட்டியில் தமிழகத்தைச் சேர்ந்த துளசிமதி முருகேசன் வெள்ளிப் பதக்கமும், மனிஷா இராமதாஸ், நித்யஸ்ரீ சிவன் ஆகியோர் வெண்கலப் பதக்கமும் வென்றனர். நித்யஸ்ரீ சிவன் தருமபுரிக்கு அண்டை மாவட்டத்தில் உள்ள ஓசூரைச் சேர்ந்தவர்.

தமிழ் மரபில் நடுவுநிலைமை

நடுவர் என்னும் சொல்லிலேயே நடு என்னும் சொல் அமைந்துள்ளது. இரு பக்கங்களுக்கும் இடையே, எப்பக்கமும் சாயாது நிற்பவர் என்பது அதன் பொருள். திருக்குறளின் 12ஆம் அதிகாரம் நடுவுநிலைமை. பகைவர், நண்பர், அயலார் என்னும் வேறுபாடு கருதாமல் முறை வழுவாது ஒழுகுவதே அறம் என்று அவ்வதிகாரம் அறிவுறுத்துகிறது. துலாக்கோலைச் சான்றோர்க்கு உவமையாக்குகிறார் வள்ளுவர். பட்டினப்பாலையோ காவிரிப்பூம்பட்டின வணிகரின் நேர்மையை, நுகத்தடியின் நடுவே பொருத்தப்பட்ட ஆணிக்கு ஒப்பிடுகிறது. உழவர்க்குத் தெரிந்த உவமை அது. ஆணி ஒரு பக்கம் விலகினால் ஒரு காளை மட்டுமே சுமை இழுக்க நேரும்.

ஆடுகளத்திலும் அவ்வாறே. நடுவர் தம் ஊரைச் சேர்ந்த ஆட்டக்காரருக்காக ஒரு புள்ளி சாய்ந்தால், பல ஆண்டுகள் விடியலில் எழுந்து பயின்ற இன்னொருவரின் உழைப்பு வீணாகும். புகழ்பெற்ற வீரரிடம் சிவப்பு அட்டையைக் காட்டத் தயங்கினால், பெயரறியாத இளையவர் விதியின் மீதே நம்பிக்கை இழப்பார். முன்பு செய்த தவற்றை ஈடுசெய்வதாக எண்ணி எதிரணிக்குச் சலுகை காட்டுவதும் பிழையே. அது தவறுகளை இரண்டாக்குமேயன்றி நேர்மையாக்காது. ஒவ்வொரு புள்ளியையும் அதன் தகுதியால் மட்டுமே நோக்குதல் வேண்டும்.

உயர்ந்த இருக்கையில் அமரும் நடுவரிடம் எந்த ஊரினர், எந்தப் பள்ளியில் பயின்றவர் என்று ஆட்டம் கேட்பதில்லை. வத்தல்மலையிலிருந்து இறங்கி வரும் மாணவர் ஆயினும், பெருநகரில் பிறந்தவர் ஆயினும், அவர் அறிவிக்கும் புள்ளி ஒன்றே. அவருக்குக் கட்டுப்படும் விதியும் ஒன்றே. ஆட்டம் முடிந்து இரு தரப்பினரும் வலைக்கு மேல் கைகுலுக்கியபின், நடுவரின் கையையும் பற்றிக் குலுக்கிச் செல்வது மரபு. தோற்றவரும் தயக்கமின்றிக் கை நீட்டும் வகையில் ஓர் ஆட்டத்தை நடத்தி முடிப்பதே நடுவர் பெறும் பரிசு.